மான்ஸ்டர் அனிமே: யோஹானுக்குள் இருப்பது யாருடைய நினைவு? (விவாத இழை)

#1 செங்காந்தள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்த இழை முழுக்க ஸ்பாய்லர்தான். 74 எபிசோடும் முடித்தவர்கள் மட்டும் உள்ளே வாருங்கள். மற்றவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள், இழை எங்கேயும் போகாது.

இந்தத் தொடரின் கொலைகாரன் யோஹான் லீபெர்ட் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் "அனிமேவிலேயே பயங்கரமான வில்லன்", "மேதை", "உணர்ச்சியே இல்லாத பிசாசு" என்று இரண்டு வரியில் கதையை முடித்துவிடுகிறார்கள். அவன் பேசுகிற வசனங்களை வெட்டி ஒட்டி, பின்னணியில் பியானோ போட்டு, ஏதோ ஸ்டைல் காட்டுகிற ஹீரோ மாதிரி உலவவிட்டிருக்கிறார்கள். எனக்கு அது மனதுக்கு ஒப்பவே இல்லை. நவோகி உரசாவா 1994இல் தொடங்கி 2001 வரை இதை மங்காவாக, அதாவது ஜப்பானியப் படக்கதைத் தொடராக, வரைந்தார். மேட்ஹவுஸ் ஸ்டுடியோவுக்காக மசாயுகி கோஜிமா 2004-05இல் அதைக் கொஞ்சமும் அவசரப்படாமல் தொடராக்கினார். இவ்வளவு பொறுமையாகச் சொன்ன கதையின் நடுவில் நிற்கிற ஆள் வெறும் கெட்டவன்தான் என்றால், அந்தப் பொறுமை எதற்கு?

நான் சொல்ல வருவது இதுதான்: யோஹானிடம் அவனுடையது என்று எதுவுமே இல்லை. பெயர், நினைவு, ஏன், கோபம்கூட அவனுடையது இல்லை. அடுத்தவர்கள் அவனுக்குள் போட்டதுதான் அவன் வழியாக வெளியே வருகிறது.

யோஹான் சின்ன வயதில் படித்ததாகத் தொடரில் வருகிற குழந்தைப் படக்கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பெயரில்லாத அரக்கன் ஒன்று பெயர் தேடி இரண்டாகப் பிரிகிறது, ஒன்று கிழக்கே போகிறது, இன்னொன்று மேற்கே. கிழக்கே போனது கொல்லன் ஓட்டோ, செருப்புத் தைக்கும் ஹன்ஸ், வேட்டைக்காரன் தாமஸ் என்று ஒவ்வொருவருக்குள்ளும் புகுந்து, பலம் கொடுத்து, பசி தாங்காமல் உள்ளேயிருந்தே தின்றுவிட்டு வெளியே வருகிறது. அப்புறம் ஒரு கோட்டையில் நோயில் படுத்திருக்கும் சிறுவனுக்குள் போகிறது. அவன் பெயர் யோஹான். பையன் எழுந்து நடக்கிறான், ராஜாவுக்கு ஒரே சந்தோஷம். அரக்கனுக்கு இந்தப் பெயர் பிடித்துப்போகிறது, பசியைப் பொறுத்துப் பார்க்கிறது, முடியவில்லை. கோட்டையில் இருந்த எல்லோரையும் தின்று தீர்த்தாயிற்று. மேற்கே போன அரக்கன் எதிரே வந்து, பெயர் இல்லாமலே நாம் இருந்துவிடலாமே என்கிறது. அதையும் தின்றுவிடுகிறான். அருமையான பெயர் கிடைத்தது, கூப்பிடத்தான் ஒருவரும் மிச்சமில்லை.

பார்க்கிற எல்லோரும் நம்முடைய யோஹானை அந்த அரக்கனோடு பொருத்திவிடுகிறார்கள். ஆனால் புத்தகத்தில் யோஹான் என்பது அரக்கனின் பெயரே இல்லையே. படுக்கையில் கிடந்த நோயாளிப் பையனின் பெயர் அது. அவனுக்குள் வேறொன்று புகுந்தது, அவ்வளவுதான். இதைப் பிடித்துக்கொண்டு மியூனிக் நூலகக் காட்சியை மறுபடி பாருங்கள். கோடீஸ்வரர் ஷூவால்டுக்கு வேண்டியவனாக மாறி, லத்தீன் படித்துக் காட்டி, அவருடைய பணத்தையும் செல்வாக்கையும் கைப்பற்ற எல்லாத் திட்டமும் தயார். அந்த நேரத்தில் சின்ன வயதில் படித்த அந்தப் புத்தகம் கையில் சிக்குகிறது. திறந்து பார்க்கிறான். அதுவரை ஒரு எபிசோடிலும் முகம் மாறாத ஆள் அலறிக்கொண்டு மயங்கி விழுகிறான், கண்ணில் தண்ணீர். அதோடு பணம், செல்வாக்கு, ஷூவால்ட், திட்டம் எல்லாமே அவனுக்கு வேண்டாததாகிவிடுகிறது, நூலகத்தைக் கொளுத்திவிட்டுப் போய்விடுகிறான். மேதை வில்லன் ஒருவன் எதற்காக இப்படி எல்லாவற்றையும் போட்டுவிட்டுப் போகவேண்டும்?

என் பதில் ப்ராக் நகரத்துப் பகுதியில் இருக்கிறது. அந்தப் படக்கதையை எழுதிய போனபார்டா பிள்ளைகளை வைத்துச் சோதனை நடத்திய சிவப்பு ரோஜா மாளிகைக்குக் கொண்டுபோகப்பட்டது யோஹான் இல்லை, அவனோடு இரட்டையாகப் பிறந்த தங்கை அன்னா, அதாவது நீனா. விஷம் குடித்து அத்தனை பேர் செத்து விழுந்ததைப் பார்த்தவள் அவள். ஓடிவந்து, அவர்கள் குடியிருந்த 'மூன்று தவளைகள்' என்ற வீட்டில் காத்திருந்த அண்ணனிடம் பார்த்ததையெல்லாம் சொல்கிறாள். அவன் கேட்கிறான், கேட்டுக் கேட்டு அது அவனுக்கே நடந்ததாக ஆகிவிடுகிறது. அவளோ மறந்துவிடுகிறாள். தான் யார் என்று இவன் வாழ்நாள் முழுக்க நம்பியதன் அடித்தளமே தங்கையின் நினைவு.

கதையின் நாயகன், மூளை அறுவை மருத்துவர் டென்மா விஷயத்திலும் இதேதான். 1986, டுசெல்டோர்ஃப். மேயரை விட்டுவிட்டு, தலையில் குண்டு பட்டு வந்த சிறுவன் யோஹானுக்கு ஆபரேஷன் செய்ததற்காக எல்லாப் பதவியும் போன டென்மா, நினைவில்லாமல் கிடக்கிற யோஹானின் படுக்கை பக்கத்தில் நின்று, இப்படிப்பட்டவர்கள் செத்தால்தான் நல்லது என்று ஆஸ்பத்திரி டைரக்டரை நினைத்துப் பொருமுகிறார். கொஞ்ச நாளில் டைரக்டர் உட்பட மூன்று டாக்டர்கள் விஷ மிட்டாய் தின்று சாகிறார்கள். கோபம் டென்மாவுடையது, கை யோஹானுடையது.

#2 தனிவழி

நல்லாத்தான் எழுதியிருக்கிறீர்கள் தோழி, ஆனால் எனக்கு இதில் உடன்பாடு இல்லை. இப்போதெல்லாம் எந்த வில்லனை எடுத்தாலும் சின்ன வயதுக் காயம் ஒன்றைக் காட்டி, "பாவம், அவனும் ஒரு குழந்தைதான்" என்று கொண்டுபோய் நிறுத்துவது வழக்கமாகிவிட்டது. மான்ஸ்டரை நான் மதிப்பதே அது அந்த வேலையைச் செய்யவில்லை என்பதற்காகத்தான்.

முதல் காட்சியிலேயே பைபிளின் திருவெளிப்பாடு 13ஆம் அதிகாரத்தைப் போடுகிறார்கள். கடலிலிருந்து எழும் விலங்கு, ஏழு தலை, பத்துக் கொம்பு, அதோடு போரிட யாரால் முடியும் என்று உலகமே வியந்து வணங்குகிறது. இது சும்மா அலங்காரத்துக்கு வைத்தது இல்லை. காரணம் சொல்லி விளக்கிவிட முடியாத தீமை ஒன்று உண்டு என்பதற்கு அது கட்டியம்.

இன்னொன்று. மாளிகையில் நேரில் பார்த்தவள் நீனா என்று நீங்களே சொல்கிறீர்கள். சரி, அவள் என்ன ஆனாள்? ஹைடல்பெர்கில் சட்டம் படிக்கிறாள், ஐகிடோ கற்றுக்கொள்கிறாள், அம்மா அப்பாவோடு பிரியமாக இருக்கிறாள். கண்ணால் பார்த்தவள் மனுஷியாக இருக்கிறாள், காதால் கேட்டவன் மட்டும் கொலைகாரன் ஆனானா? யோஹான் இருந்த கிழக்கு ஜெர்மனி அனாதை விடுதி கிண்டர்ஹைம் 511இல் வளர்ந்தவர்களில் முன்னாள் உளவாளி கிரிம்மரும் ஒருவர், அவரும் யோஹான் ஆகிவிடவில்லை. அப்படியென்றால் மீதி என்ன? யோஹானுக்குள்ளேயே இருந்த ஏதோ ஒன்றுதான் மீதி. அதற்குக் காரணம் தேடத் தேட அந்தக் கேரக்டரின் திகில்தான் குறைகிறது.

511இல் பிள்ளைகளும் ஆசிரியர்களும் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டு செத்தபோது இவன் உயரத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தானே, அதை யார் போட்ட நினைவு என்று சொல்வீர்கள்?

#3 செங்காந்தள்

தனிவழி சகோ, நீனா பற்றிய உங்கள் கேள்விதான் இந்தத் தொடரின் மிக முக்கியமான கேள்வி, அதை நேராகவே எடுத்துக்கொள்கிறேன்.

மாளிகையில் போனபார்டா அந்தச் சிறுமியிடம் கடைசியாகச் சொன்ன வார்த்தைகள் நினைவிருக்கிறதா? மனிதர்கள் எதுவாகவும் ஆகலாம், நீங்கள் இருவரும் அழகான ரத்தினங்கள், அரக்கர்கள் ஆகிவிடக் கூடாது என்கிறார். அத்தனை பேரைக் கொன்ற கையோடு சொல்கிறார், கொடுமைதான், ஆனாலும் சொல்கிறார். நீனாவுக்கே அது திரும்ப நினைவு வருவது கடைசியில், கதை முடிகிற ரூஹென்ஹைம் ஊரில். நான் பார்க்கிற விதத்தில், அண்ணனிடம் அவள் கொட்டியது பிணங்களையும் விஷத்தையும் பயத்தையும்தான், இந்த வார்த்தைகள் அவனிடம் போய்ச் சேரவே இல்லை. அவளுக்குப் பயமும் கிடைத்தது, அந்தப் பேச்சும் கிடைத்தது, பிறகு இரண்டையும் மறந்துபோகிற கொடுப்பினையும் கிடைத்தது. அவனுக்குப் பயம் மட்டும்தான், மறதி கிடையாது. ஒரே அறையில் வளர்ந்த இருவர் இரண்டு திசையில் போனதற்கு இது போதாதா?

விலங்கு வசனத்துக்கு வருகிறேன். அந்த அதிகாரத்தில் விலங்கைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது அதை வணங்குகிற கூட்டம். தொடரிலும் பாருங்கள், யோஹானைச் சுற்றி அரக்கன் வேண்டும் என்று அலைகிறவர்கள்தான் அதிகம். 511 விடுதி அதிகாரியாக இருந்த ஹார்ட்மனுக்கு அவன் ஒரு சோதனையின் வெற்றி. ஃபிராங்ஃபர்ட்டில் நாஜிக் கும்பலுக்கு அவன் அடுத்த ஹிட்லர், துருக்கியர் குடியிருப்பைக் கொளுத்துவது அவன் பெயரால் நடக்கவேண்டிய முதல் காரியம். அந்தக் கொளுத்தும் திட்டத்தை வெறும் கற்பனை என்று நினைக்காதீர்கள். 1992 நவம்பரில் மோல்ன் ஊரில் மூன்று பேர், 1993 மே மாதம் ஸோலிங்கனில் ஐந்து பேர், எல்லோரும் துருக்கியக் குடும்பத்துப் பெண்களும் சிறுமிகளும், இருந்த வீட்டுக்கு நியோ நாஜிகள் தீ வைத்ததில் செத்தார்கள். அடுத்த வருடம் மங்கா தொடங்குகிறது. டென்மாவின் மனசாட்சி முதலில் விழித்துக்கொள்வதும் ஒரு துருக்கியத் தொழிலாளி செத்ததில்தான். பாடகருக்கு ஆபரேஷன் செய்யச் சொல்லி டென்மாவை வேறு அறைக்குத் திருப்பிவிட்டார்கள், முதலில் வந்த தொழிலாளி செத்துவிட்டார், மனைவி வந்து டென்மாவின் நெஞ்சில் அடித்து அழுகிறார். 1961இல் ஒப்பந்தம் போட்டு வேலைக்கு அழைத்து வந்தவர்களின் உயிருக்கு அந்த நாட்டில் என்ன விலை என்று கேட்டுவிட்டுத்தான் உரசாவா யோஹானையே கதைக்குள் கொண்டுவருகிறார்.

511 பற்றிக் கேட்டீர்கள். அங்கே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது என்ன? வெறுப்பை. அந்தப் பாடத்தை ஒருவன் ஒழுங்காகப் படித்துவிட்டான். கொன்றது அவன் இல்லை என்று நான் சொல்லவில்லை. அந்தக் கட்டடத்துக்குள் அவன் புதிதாக எதையும் கொண்டுவரவில்லை என்றுதான் சொல்கிறேன்.

#4 இரவுப்பூனை

ஒரு சின்னச் சந்தேகம். நெற்றியில் விரலை வைத்துக் காட்டுகிறானே, அதற்கு என்ன அர்த்தம் என்று இத்தனை நாளாக எனக்குப் பிடிபடவே இல்லை. சவால் விடுகிறானா? "முடிந்தால் சுடு" என்று கிண்டலா?

#5 மழைக்குருவி

கிண்டல் இல்லை என்பது என் கருத்து. அது முதலில் எங்கே வருகிறது என்று பாருங்கள். 1986இல் லீபெர்ட் வீட்டில் வளர்ப்புப் பெற்றோர் செத்துக் கிடக்கிறார்கள், அன்னா கையில் துப்பாக்கி. இங்கே சுடு என்று தன் நெற்றியைக் காட்டுகிறான். அவள் சுட்டுவிடுகிறாள். அவனைப் பொறுத்தவரை அதோடு கணக்கு முடிந்திருக்க வேண்டும். டாக்டர் வந்து தைத்து எழுப்பிவிட்டார்.

அதற்கு மேல் அவன் வாழ்ந்த ஒவ்வொரு நாளும் அவன் கேட்காத நாள்தான். ஒன்பது வருடம் கழித்து டென்மா முன்னால் வந்து, தன் கூட்டாளியும் டென்மாவின் நோயாளியுமான யுங்கர்ஸைச் சுட்டுக் கொன்றுவிட்டு, செத்திருக்க வேண்டிய என்னை நீங்கள்தான் பிழைக்கவைத்தீர்கள், எனக்கு நீங்கள் அப்பா மாதிரி என்கிறான். ரூஹென்ஹைமில் அதே விரல் மறுபடியும் நெற்றிக்குப் போகிறது, இந்தமுறை டென்மாவைப் பார்த்து. உயிர்கள் எல்லாம் சமம் என்று நினைத்தீர்களே, சமமாக இருப்பது சாவு ஒன்றுதான் என்கிறான். நான் அதைக் கெஞ்சல் என்றே எடுத்துக்கொள்கிறேன். பிழைக்கவைத்த கையாலேயே முடித்துவையுங்கள் என்கிறான்.

தன்னைத் தெரிந்தவர்களையெல்லாம் கொன்று தீர்ப்பதும் இதோடு சேர்ந்ததுதான். வளர்த்தவர்கள், கூட வேலை பார்த்தவர்கள், சின்ன வயதில் அவனைக் கண்டெடுத்த ஜெனரல் வோல்ஃபைச் சுற்றியிருந்தவர்கள், ஒருவரும் மிச்சமில்லை. முழுமையான தற்கொலை என்று தொடரிலேயே சொல்கிறார்கள். உடம்பு செத்தால் மட்டும் போதாது, இப்படி ஒருவன் இருந்தான் என்று சொல்ல ஆள் இருக்கக் கூடாது. படக்கதையின் கடைசி வரியை அவன் அப்படியே நடத்திக்காட்டப் பார்க்கிறான். செங்காந்தள் சொன்ன "அவனுடையது எதுவும் இல்லை" என்பது இங்கேயும் பொருந்துகிறது, அவன் சாவுக்கான திட்டம்கூட வேறொருவர் எழுதிய குழந்தைக் கதை.

ப்ராகில் அவன் பெண் வேஷத்தில் திரிவதை நிறையப் பேர் தப்பிக்கிற தந்திரம் என்று மட்டும் பார்க்கிறார்கள். சின்ன வயதில் அம்மா இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி கவுன் போட்டுவைத்திருந்தாள். தங்கை திரும்பி வந்தபோது கதவைத் திறந்து "வந்துவிட்டாயா" என்று வரவேற்ற முகம் அவள் முகமாகவே இருந்தது. வளர்ந்தபிறகு ப்ராகுக்குத் திரும்பி வருகிறவன் மறுபடி அவளாக வருகிறான். அந்த ஊரில் தான் யாராக இருந்தோம் என்றே அவனுக்குத் தெரியாது.

#6 கடலோரம்

எல்லோரும் யோஹானைச் சுற்றியே பேசுகிறீர்கள். யோஹான் புரிய வேண்டுமென்றால் கிரிம்மரைப் பார்க்கவேண்டும் என்பது என் எண்ணம், தனிவழி அவரைத் தொட்டுவிட்டு அப்படியே போய்விட்டார்.

கிரிம்மருக்குச் சிரிப்பு வராது. அதனால் பழகிக்கொண்டார். எந்த இடத்தில் சிரிக்கவேண்டும், எந்த இடத்தில் வருத்தமாக இருக்கவேண்டும் என்று கவனித்து வைத்திருக்கிறார். உளவு வேலைக்காகக் கல்யாணம், அதில் ஒரு பையன். பையன் செத்துப்போனபோது என்ன முகம் வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நிற்கிறார். மனைவி அந்த முகத்தைப் பார்க்கிறாள். அந்த இடத்தை என்னால் சாதாரணமாகக் கடந்துபோக முடிவதில்லை. ஒரு சத்தமும் இல்லை, ரத்தமும் இல்லை, பக்கத்தில் நிற்கிற மனுஷனுக்குள் எதுவும் நடக்கவில்லை என்பது மனைவிக்குப் புரிகிற அந்த ஒரு கணம்தான். நூறு கொலையைவிட எனக்கு அது கனமாக இருந்தது.

ஆபத்து வந்தால் அவருக்குள் மகத்தான ஸ்டைனர் எழுந்துவிடுகிறான், சின்ன வயதில் பார்த்த கார்ட்டூன் நாயகன். கண் விழித்தால் சுற்றிலும் பிணம். கவனியுங்கள், யோஹானுக்கு ஒரு படக்கதை, கிரிம்மருக்கு ஒரு கார்ட்டூன். 511 இரண்டு பேருக்குள்ளும் இருந்ததையெல்லாம் துடைத்தெடுத்தது, காலியான இடத்தில் குழந்தைக் கதை ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டது. ஒருவனுக்குக் கிடைத்தது பசி தீராத அரக்கன், இன்னொருவருக்குக் கிடைத்தது ஊரைக் காப்பாற்றுகிற வீரன். இரண்டும் கொல்கிறது.

ரூஹென்ஹைமில் கிரிம்மர் ஸ்டைனராக மாறாமல் தானாகவே சண்டை போடுகிறார், குண்டு பட்டு மழையில் கிடக்கும்போதுதான் மகனுக்காக அவருக்கு அழுகை வருகிறது. உணர்ச்சி தொலைந்துபோகவில்லை, வழி தவறிப்போயிருந்தது, இப்போதுதான் வந்து சேர்ந்தது என்கிற மாதிரிப் பேசிவிட்டுச் சாகிறார். அப்படியென்றால் யோஹானிடமும் அது எங்கேயோ இருக்கத்தானே வேண்டும்? நூலகத்தில் வந்த கண்ணீர் அதுதான் என்று நான் நம்புகிறேன்.

511 கற்பனை. ஆனால் கிழக்கு ஜெர்மனியில் டோர்காவ் என்ற ஊரில் 1964 முதல் 1989 வரை மூடிய சீர்திருத்த விடுதி ஒன்று உண்மையிலேயே நடந்தது. அடங்காத பிள்ளைகள் என்று முத்திரை குத்தப்பட்ட நாலாயிரத்துக்கும் மேற்பட்ட இளம்பிள்ளைகளை அங்கே அடைத்திருக்கிறார்கள், குற்றம் செய்து தண்டனை பெற்றவர்கள்கூட இல்லை. பிள்ளையின் மனதை உடைத்தால்தான் புதிய மனிதனைச் செய்ய முடியும் என்று ஒரு அரசாங்கமே நம்பியிருக்கிறது. நாஜிகள் 1935இல் தொடங்கிய லெபன்ஸ்போர்ன் இன்னொரு பக்கம், 'தூய இனம்' என்று தாங்கள் கருதிய குழந்தைகளின் பிறப்பைப் பெருக்க, அப்படிப்பட்ட தாய்மாருக்குப் பிரசவ விடுதிகள் நடத்திய திட்டம். யோஹானும் அன்னாவும் பிறந்த கதை அதைத்தான் நினைவுபடுத்துகிறது. இரண்டு ஆட்சியும் ஒன்றுக்கொன்று விரோதி, குழந்தைகள் விஷயத்தில் மட்டும் ஒரே புத்தி. தனிவழி சொல்கிற காரணமில்லாத தீமைக்கு இந்தக் கதையில் இத்தனை கட்டடங்களும் கோப்புகளும் அதிகாரிகளும் தேவையே இல்லையே.

#7 தனிவழி

டோர்காவ் பற்றி எழுதியதற்கு நன்றி கடலோரம், அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு விஷயத்தில் நான் இறங்கிவரப் போவதில்லை. நீங்கள் எல்லோரும் "உள்ளே போட்டார்கள்" என்று பேசும்போது, எதிரே நின்ற ஆளை மறந்துவிடுகிறீர்கள்.

ரிச்சர்ட் பிரவுனை நினைத்துப் பாருங்கள். குடியால் வேலையையும் குடும்பத்தையும் இழந்த முன்னாள் போலீஸ்காரர். மனநல டாக்டர் ரைஹ்வைனிடம் போய், குடியை விட்டு, மகளைப் பார்க்கும் நாளை எண்ணிக்கொண்டிருக்கிற மனுஷன். யோஹான் அவரைத் தள்ளவும் இல்லை, குத்தவும் இல்லை. உட்கார்ந்து பேசுகிறான். அந்தப் பதினேழு வயதுக் கொலைகாரனைச் சுட்டபோது நீங்கள் குடித்திருக்கவே இல்லை, நிதானத்தோடுதான் சுட்டீர்கள் என்று மெதுவாக எடுத்துச் சொல்கிறான், விஸ்கியையும் முன்னால் வைக்கிறான். மறுநாள் ரிச்சர்ட் மாடியிலிருந்து விழுந்து செத்தார் என்ற செய்திதான் வருகிறது. அம்மாவைத் தேடி அலைகிற மிலோஷ் என்ற சின்னப் பையனை ப்ராகில் ராத்திரி நேரத்தில் விபசாரத் தெருக்கள் வழியாக நடத்திக் கூட்டிப்போகிறான், உன்னை யாரும் வேண்டிப் பெறவில்லை என்று அவனாகவே முடிவுக்கு வருகிற வரைக்கும். பையன் பாலத்தில் ஏறி நிற்கிறான். கிரிம்மர் வந்ததால் பிழைத்தான்.

இதற்கு எந்த நினைவு காரணம்? இவ்வளவு நுணுக்கமாக ஒருவருடைய வலி எங்கே இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிக்க, அதற்கென்று ஒரு ஆள் உள்ளே இருக்கவேண்டும். காலிப் பாத்திரம் இந்த வேலையைச் செய்யாது.

#8 செங்காந்தள்

மிலோஷை நீங்கள் எடுத்ததும் நல்லதாயிற்று. அந்தத் தெருக்களில் யோஹான் அந்தப் பையனிடம் என்ன கேள்வியைத் திணிக்கிறான்? உன் அம்மா உன்னை விரும்பினாளா என்பதை. எனக்கு அது யோஹானுடைய கேள்வியாகவே கேட்கிறது.

மூன்று தவளைகள் வீட்டு வாசலில் நடந்ததுதான் இந்தத் தொடரின் ஆணிவேர். போனபார்டாவும் ஆட்களும் வந்து நிற்கிறார்கள், ஒரு பிள்ளையைக் கொடு என்கிறார்கள். அம்மாவின் இரண்டு பக்கமும் ஒரே கவுன், ஒரே தலைமுடி, ஒரே முகம். இந்தப் பிள்ளையா, இல்லை அந்தப் பிள்ளையா என்று தடுமாறுகிறாள், கடைசியில் ஒன்றைக் கொடுக்கிறாள். அன்னா போனாள். யோஹான் நின்றான். ஆனால் நின்றவனுக்குத் தான் நின்றதன் காரணம் தெரியாது. என்னைக் காப்பாற்ற நினைத்தாளா, அல்லது தங்கை என்று நினைத்து என்னை வைத்துக்கொண்டாளா? கடைசி எபிசோடில் ஆஸ்பத்திரிப் படுக்கையில் அவன் டென்மாவிடம் கேட்பது இதைத்தான். வேண்டாத பிள்ளை யார் என்பதுதான் கேள்வி. ஆயிரம் விளக்கம் சொன்ன வில்லனுக்கு இருந்தது இந்த ஒரே கேள்வி.

நீங்கள் கேட்ட "உள்ளே இருக்கிற ஆள்" இவன்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் நின்று, கை யார் பக்கம் நீளும் என்று பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை. அடுத்தவர்களின் வலி அவனுக்கு இவ்வளவு துல்லியமாகத் தெரிவது எப்படி என்றால், எல்லோரிடமும் அவன் தேடுவது ஒரே இடத்தை. தான் வேண்டப்படவில்லையோ என்ற சந்தேகம் இருக்கிற இடத்தை. ரிச்சர்டிடமும் அதைத்தான் தொட்டான், மகளைப் பார்க்கத் தகுதியுள்ள அப்பாதானா நீ என்று.

இதனால் அவன் செய்ததில் ஒரு கொலைகூடக் குறையாது. தொடரும் குறைக்கவில்லை. உலகத்தில் நாம் இருவர் மட்டுமே மிச்சமிருந்தாலும் உன்னை மன்னிக்கிறேன் என்று நீனா சொல்கிறாள், அதற்கு அவனே, திரும்பிப் போக முடியாத இடம் உண்டு என்கிறான். மன்னிப்பை நீட்டுகிறவளையும் காட்டி, அது போதாது என்று தெரிந்தவனையும் காட்டிவிட்டு உரசாவா நிறுத்திக்கொள்கிறார். அந்த இடத்தில் எனக்கு அவர்மேல் மரியாதை இன்னும் கூடியது.

#9 இரவுப்பூனை

நெற்றி விஷயத்துக்கு நன்றி மழைக்குருவி, இப்போது யுங்கர்ஸ் சாகிற காட்சியைப் போட்டுப் பார்த்தேன், வேறு மாதிரியே இருக்கிறது. கையில் பரிசுக் கடிகாரத்தோடு டென்மா நிற்கிறார், எதிரே நிற்கிறவன் நன்றி சொல்லிக்கொண்டே சுடுகிறான்.

கடைசிக் காட்சியில் காட்டுகிற யோஹானின் காலிப் படுக்கை? ஓடிப்போய் மறுபடி கொலை செய்வானா, அம்மாவைத் தேடிப் போனானா?

#10 மழைக்குருவி

படுக்கையிலிருந்து எழுந்து அவன் பேசியதே டென்மாவின் மனக்காட்சியா நிஜமா என்று தெரியாமல்தான் காட்டுகிறார்கள், அதனால் உறுதியாகச் சொல்ல வழியில்லை. ஆனால் அதற்குச் சற்றுமுன் டென்மா என்ன செய்கிறார் என்பதை விட்டுவிடாதீர்கள். அம்மாவைப் பார்த்துவிட்டு வந்து, அவள் வைத்த உண்மையான பெயர் ஒன்று உனக்கு உண்டு என்று சொல்கிறார். நமக்கு அந்தப் பெயரைச் சொல்லவில்லை. படக்கதையில் பெயர் கிடைத்தவனைக் கூப்பிட ஆள் இல்லாமல் போனது. இங்கே பெயரைத் தெரிந்துகொண்டு வந்து சொல்ல ஒரு ஆள் இருக்கிறார், அதுவும் இரண்டாவது முறையாக அவன் தலையில் ஆபரேஷன் செய்து பிழைக்கவைத்தவர். முழுமையான தற்கொலைத் திட்டம் அங்கேயே தோற்றுவிட்டது. அவனைச் சுட்டதும் டென்மா இல்லை, குடிகார அப்பா ஒருவர், தன் பிள்ளையைக் காப்பாற்ற. அம்மா வாசலில் செய்ய முடியாமல் போனதை ஒரு அப்பா யோசிக்காமல் செய்துவிட்டார், அதை யோஹான் நேரில் பார்த்தான் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

#11 கடலோரம்

அந்தக் குடிகார அப்பா விஷயம் இதுவரை எனக்குத் தோன்றவே இல்லை, அருமை.

மங்கா படிப்பதா அனிமே பார்ப்பதா என்று கேட்கிறவர்களுக்கு: கதை ஏறக்குறைய ஒன்றேதான். ஆனால் யோஹானுக்கு நோசோமு சசாகியின் குரல் வேண்டுமென்றால் அனிமேதான். குரலை ஒரு இடத்திலும் உயர்த்தாமல், பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரிப் பேசியிருப்பார். அதனால்தான் நூலக அலறல் அப்படித் தூக்கிப்போடுகிறது. டப்பிங் வேண்டாம், ஜப்பானிய ஒலியோடு பாருங்கள்.

#12 செங்காந்தள்

தனிவழி சகோ, எல்லாவற்றுக்கும் பதில் சொன்னீர்கள், அம்மாவின் கேள்விக்கு மட்டும் சொல்லவில்லை. அவள் யாரைக் கொடுக்க நினைத்தாள்?

#13 தனிவழி

அவளுக்கே தெரியாது என்றுதான் நினைக்கிறேன். பின்னால் துப்பாக்கியோடு ஆட்கள் நிற்கும்போது ஒரு அம்மா எடுத்த முடிவை முடிவு என்று சொல்லவே எனக்கு மனசு வரவில்லை. கேள்வி கேட்கப்பட வேண்டியவர் போனபார்டா. அவரோ ரூஹென்ஹைமில் ஹோட்டல் நடத்திக்கொண்டு, அம்மாவையும் பிள்ளைகளையும் தாள் தாளாக வரைந்துகொண்டு, ஊருக்கு நல்ல மனுஷனாக இருந்திருக்கிறார். யோஹான் அவரைக் கண்டபிறகும் அம்மாவைப் பற்றித்தான் யோசிக்கிறான். காலிப் பாத்திரம் என்பதை இன்னும் நான் ஏற்கவில்லை, ஆனால் நூலகக் காட்சியையும் வாசல் காட்சியையும் அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்துவிட்டு மறுபடி வருகிறேன்.